‘போனேன்’, ‘இருந்தேன்’ ரெண்டும் ஒரே சொல்லா? ஸ்பானிஷில் குழப்பும் ‘ஃபுய்’

ஆரணி பக்கத்துல பட்டு நெசவு நடக்கும் ஊர் தேவிகாபுரம். அங்கே ஒரு நெசவாளி ஸ்பானிஷ் கத்துக்கிட்டா, சீக்கிரமே ‘ஃபுய்’கிட்ட மாட்டுவார். ‘இர்’ (போ), ‘செர்’ (இரு) என்ற ரெண்டு வினைக்கும் இறந்தகாலம் இதுதான்.

‘ஃபுய் ஆ தேவிகாபுரம்’ என்றால், தேவிகாபுரத்துக்குப் போனேன். ‘ஃபுய் தெஹெதோர்’ என்றால், நெசவாளியாக இருந்தேன். முதல் வாக்கியத்தில் உள்ள ‘ஆ’, நம்ம ‘-க்கு’ மாதிரி. அதைக் கவனிச்சா போதும்.

ஏன் இப்படி? ‘இர்’ வினையில் லத்தீனின் மூன்று வினைகள் கலந்திருக்கின்றன. ‘வோய்’ (போகிறேன்) ஒன்றிலிருந்து, ‘இபா’ (போய்க்கொண்டிருந்தேன்) இன்னொன்றிலிருந்து. ‘ஃபுய்’ மட்டும் ‘இரு’ என்ற வினையிடம் வாங்கிய கடன்.

தமிழிலும் இது உண்டு. ‘நெய்’ ஒழுங்கானது: நெய்தேன், நெய்வேன். ‘வா’ அப்படியில்லை: வந்தேன், வருவேன். அதை யாரும் மனப்பாடம் பண்ணலை, தினமும் பேசியே பழகினோம். ‘ஃபுய்’க்கும் அதுதான் வழி. தினம் நாலு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லுங்க.

ஒரே எச்சரிக்கை: ஸ்பானிஷ் பேசுபவர் சேலை வாங்க வந்தால், ‘சோய் தெஹெதோர்’, அதாவது ‘நான் நெசவாளி’ என்று சொல்லணும். ‘ஃபுய்’ன்னு சொன்னா, தறியை விட்டுட்டீங்கன்னு நினைச்சுக்குவார்.