பேரிளம்பெண்ணுக்கு அப்பால்: ஊவாத் தோட்டப் பெண்களும் முதுமையும்

தமிழிலக்கிய மரபு பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்தது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. வயதெல்லை கூறுவதில் நூல்கள் தம்முள் வேறுபடினும், பெருவழக்கான கணக்கின்படி பேதைப் பருவம் 5ஆம் வயதில் தொடங்கும். பேரிளம்பெண் பருவம் 40ஆம் வயதில் முடியும். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞானவுலா தொட்டுப் பிற்கால உலாக்கள் ஈறாக, வீதியில் வரும் தலைவனைக் கண்டு காமுறும் மகளிர் யாவரும் இவ்வெல்லைக்குள் அடங்குவர். நாற்பதைக் கடந்தவளுக்கு உலாவில் இடமில்லை; அவளுக்கெனப் பருவப் பெயரும் இல்லை. நற்றாய், செவிலி, மூதாட்டி என உறவாலோ தொழிலாலோ நரையாலோ அவள் சுட்டப்படுகிறாள்.

முதுமையுற்ற பெண்ணுடலை நம் இலக்கியம் காணாமல் விட்டது என்று கூறவியலாது. மணிமேகலையில், காயசண்டிகை வடிவிலிருந்த மணிமேகலை, தன்னைத் தொடர்ந்து வந்த உதயகுமாரனுக்கு நரைத்த மூதாட்டி ஒருத்தியைச் சுட்டிக்காட்டி, ஒருகாலத்தில் புலவர் புகழ்ந்த உறுப்புகள் ஒவ்வொன்றும் எவ்வாறு திரிந்தன என விரித்துரைக்கிறாள். சாத்தனார் நிலையாமையை உணர்த்த எடுத்த காட்சி அது. ஆயினும் அங்கு நிற்கும் மூதாட்டி வாய் திறப்பதில்லை. இளைஞனொருவனுக்கு அறிவு புகட்டும் காட்சிப் பொருளாகவே அவள் வந்து போகிறாள். காரைக்காலம்மையார் அழகைத் தாமே உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றவர். ஔவையார் இளமையிலேயே முதுமையை வரமாகக் கேட்டவர் என்பது செவிவழிக் கதை. இவ்விருவரும் முதுமையைத் தேர்ந்துகொண்டவர்கள். அதனைத் தேராமலே அதற்குள் நடந்து சென்ற பெண் தன்னைப்பற்றி என்ன நினைத்தாள் என்பதற்கு ஏட்டிலக்கியத்தில் நாம் நெடுந்தொலைவு தேட வேண்டியுள்ளது. பதுளை மாவட்டத் தோட்டங்களில் அத்தேடல் அவ்வளவு கடினமன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகலை, ஹாலி-எல, தெமோதரை, ஹப்புத்தளை எனப் பரந்து கிடக்கும் ஊவாத் தோட்டங்களுக்கு ஒரு தனித்தன்மையுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து கிழக்குச் சரிவில் இறங்கும். யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இவ்வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர்பெற்ற நறுமணத்தை அளிக்கிறது. அதே காற்று கொழுந்தெடுப்பவளின் உதட்டையும் குதிகாலையும் வெடிக்கச் செய்கிறது. சந்தை விலையைப் பதிவு செய்யும் ஏடுகளில் முன்னையது உண்டு, பின்னையது இல்லை.

தோட்டப் பெண்ணின் உடலில் முதுமை முகத்திலிருந்து தொடங்குவதில்லை என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. அது முதலில் உச்சந்தலையில் தோன்றுகிறது. கூடையின் கயிறு தலையில் பதியுமிடத்தில் ஆண்டுக்கணக்கான பாரத்தால் மயிர் தேய்ந்து, நாளடைவில் ஒரு தடமாகிவிடுகிறது. பதினைந்து வயதிற் பேர் பதிந்து கூடை எடுத்தவளுக்கு நாற்பதை அடையுமுன்னரே இத்தடம் வந்துவிடுவதுண்டு. பிற இடங்களில் நரையை மறைக்க முயலும் பெண்கள் இருப்பதுபோல, இங்கே தடத்தை மறைக்க முந்தானையை முன்னிழுத்துக் கொள்ளும் பெண்களைக் காணலாம். கொழுந்தின் பால் ஏறிக் கறுத்த விரல்நுனிகளை எந்தச் சவர்க்காரமும் வெளுப்பதில்லை. இடுப்பிற் கட்டிய படங்கு நனைந்து கனக்கும் மழைநாட்களில் முழங்கால் முன்னதாகவே வயதாகிவிடுகிறது.

இரண்டாவதாக முதுமையை அறிவிப்பது கண்ணாடியன்று, தராசு. கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது நேற்றைய நிறைக்கும் இன்றைய நிறைக்கும் உள்ள வேறுபாட்டை அவளைச் சூழ நிற்கும் அனைவரும் கேட்கின்றனர். குறித்த நிறை எடுத்தாற்றான் முழுப்பேர், தவறின் அரைப்பேர். இளமையில் முன்நிரை பிடித்தவள், தன் மகளுடன் மணமாகி வந்த பெண்கள் தன்னைக் கடந்து மேலேறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நாள் ஒன்று வரும். அழகு குன்றுவதைப் பற்றி நகரத்துப் பெண் கொள்ளும் துயரத்துக்கு ஒப்பான துயரம் தோட்டத்தில் உண்டாயின், அது அந்த நாளைச் சார்ந்தது எனலாம். ஆண் பெண் இருபாலார்க்கும் சமமான நாட்சம்பளம் 1984இற்றான் கிட்டியது. அதற்கு முன் தன் வாழ்வின் வலிமை மிக்க ஆண்டுகளைக் குறைந்த கூலிக்குக் கொடுத்தவள், வலிமை குன்றிய பின்னரே சமமான கூலியைக் கண்டாள்.

இனி, வயது என்பதே இம்மக்களிடையே ஐயத்துக்குரிய ஒன்று. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறாத காலத்திற் பிறந்தவர்கள் பலர் தம் வயதை நிகழ்ச்சிகளாற் கணக்கிட்டனர்: பெரு வெள்ளத்துக்கு முந்திய ஆண்டு, இன்ன துரை வந்த ஆண்டு, மூத்த அக்காள் சமைந்த ஆண்டு என்றவாறு. பின்னர் உத்தேச வயதுச் சான்றிதழ் மூலம் அவர்களுக்கு வயது வழங்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 1974ஆம் ஆண்டுச் சிறிமா-இந்திரா ஒப்பந்தம், ஈற்றில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் என நீண்ட வரலாற்றில், கடதாசியில் எழுதப்பட்ட வயது உடலின் வயதைக் காட்டிலும் வலியதாயிற்று. ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறலாம் என 1958ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. கடதாசியில் ஐந்து வயது குறைவாக எழுதப்பட்ட பெண், தேய்ந்த முழங்காலுடன் மேலும் ஐந்தாண்டு மலையேறியாக வேண்டும். இளமையாக இருப்பது எல்லோருக்கும் பேறன்று! 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார்துறைத் தொழிலாளரின் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியது. அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரிவோருக்கு இது நன்மையாகலாம். சரிவில் நிற்பவளுக்கும் அதே அளவுகோல் பொருந்துமா என்பது தனியாக ஆராயப்பட வேண்டியது.

ஓய்வு பெற்றவளுக்கு மாத ஓய்வூதியம் இல்லை. கைக்கு வந்த தொகை மகனின் கடனுக்கோ பேத்தியின் கல்யாணத்துக்கோ போய்விடுகிறது. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை வாழுமிடத்து, மகனுக்குத் திருமணமானதும் கிழவியின் படுக்கை இஸ்தோப்புக்கு நகர்கிறது. இந்நெருக்கடியின் கூச்சத்தையும் அவலத்தையும், பதுளைப் பகுதியிற் பிறந்து வளர்ந்த தெளிவத்தை ஜோசப் 'மீன்கள்' என்ற சிறுகதையில் மறக்கவியலாதபடி எழுதியுள்ளார்.

எனினும், தோட்டத்தில் முதுமை இழப்பு மட்டுமே என்று கொள்வது பிழையாகும். மகள் மத்திய கிழக்குக்கோ கொழும்புக்கோ வேலைக்குப் போன வீட்டில் பிள்ளைகளை வளர்ப்பவள் அம்மாயிதான். பெண் சமைந்தாற் சடங்கின் முறை சொல்பவளும், பிரசவித்தவளுக்குப் பத்தியம் வகுப்பவளும் அவளே. எல்லாவற்றுக்கும் மேலாக, இழவு வீட்டில் அவள் அதிகாரம் எவராலும் மறுக்கப்படுவதில்லை. ஒப்பாரி வைக்கத் தெரிந்த முதியவள் வரும்வரை அழுகை ஒழுங்கு பெறாது. அவள் வந்து அமர்ந்து, இறந்தவரின் உறவுகளையும் ஊரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அழத் தொடங்கியதும், இளம்பெண்கள் தோள் பிடித்துப் பின்தொடர்வர். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளையின் பணி இத்தகையோரின் நினைவாற்றலின்றி நிறைவேறியிராது. ஏட்டிலக்கியத்தில் வாய் திறவாது நின்ற மூதாட்டி இங்கே பேசுகிறாள். பிறர் மரணத்தைப் பாடும் சாக்கிற் பெரும்பாலும் தன் வாழ்வையே பாடுகிறாள். இன்று தோட்டங்களில் ஒலிபெருக்கியில் இரங்கற் பாட்டு ஒலிக்கும் வழக்கம் பரவிவருவதால் அவ்வதிகாரமும் தேய்கிறது. இதனைப் பதிவு செய்யும் காலம் குறுகிக்கொண்டே வருகிறது.

தேயிலைப் பெட்டிகளிலும் விளம்பரங்களிலும் நூறாண்டுக்கு மேலாகச் சிரித்து நிற்கும் கொழுந்துக்காரி, மூக்குத்தியும் வளையலும் அணிந்த இளம்பெண்ணாகவே இருக்கிறாள். அவளுக்கு வயது ஏறுவதில்லை. தேயிலைச் செடியையும் இவ்வாறே சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டி, மரமாக விடாமல், கைக்கெட்டும் உயரத்தில் வைத்திருக்கின்றனர்.

பதுளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில், எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவரிடம் இளமையில் நீங்கள் எப்படி இருப்பீர்கள் எனக் கேட்டேன். தோற்றத்தைப் பற்றி வினவியதாகவே நான் எண்ணியிருந்தேன். அவர் கூறியது வேறு: "நான் நெரை புடிச்சா எவளும் பக்கத்துல வரமாட்டா தம்பி. அம்பது றாத்தலு எடுப்பேன். கங்காணியே நின்னு பாப்பாரு." பின்பு தம் தொங்கிய காதைத் தொட்டு, அதிலிருந்த தண்டட்டியை மகனின் கடவுச்சீட்டுச் செலவுக்கு விற்ற கதையைச் சொன்னார். தாய் தமிழகத்திலிருந்து வரும்போது கொண்டுவந்த நகை அது. படமொன்று எடுக்கலாமா என்றபோது மறுக்கவில்லை. ஆனால் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு உள்ளே சென்று முகங்கழுவி வந்தார். பேத்தியை அழைத்துத் தலையைச் சீவச் செய்தார். கயிற்றுத் தடம் தெரியாதபடி இருபுறமும் மயிரை வாரி மூடிய பின்னர், "இப்ப எடு தம்பி" என்றார்.