வெள்ளைக்கழிச்சல் வருவதற்கு முன்னே

நாமக்கல்லில் லட்சக்கணக்கில் முட்டைக்கோழி வளர்க்கும் பண்ணைகளுக்கு மருத்துவர் உண்டு, ஆய்வகம் உண்டு, நாள் தவறாத தடுப்பூசி அட்டவணை உண்டு. அதே சாலையோரத் தோட்டத்து வீட்டில் இருபது, முப்பது நாட்டுக்கோழி வைத்திருப்பவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. நேற்று மேய்ந்த கோழி இன்று றெக்கையைத் தொங்கப் போட்டுத் தூங்கி விழும். ஒரு வாரத்துக்குள் கோழி அடைக்கும் கொடாப்பு காலியாகிவிடும். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவும் அவசரத்துக்கு எடுக்கும் காசும் அந்தக் கோழிகள்தான்.

‘சீக்கு’ என்று சேலம், நாமக்கல் பக்கம் சொல்வது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நம் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட்டிலும் தென்பட்டது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சில கோழிகளுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் நோய் கடுமையாக இறங்கினால் பத்தில் ஒன்பது கோழிகூடச் சாகலாம்.

இது வைரஸ் நோய். மருந்துக்கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக் இதைக் கொல்லாது. கீழாநெல்லியும் சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்து உருட்டிக் கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். தளர்ந்த கோழிக்கு அது தெம்பு தரலாம். ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிட்டால் கூட்டமே போய்விடும்.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு. மூன்று, நான்கு வாரத்தில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து. எட்டு வாரம் ஆன பிறகு இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி ஊசி. கடைசி ஊசியில் அவசரம் கூடாது. அது வீரியம் கூடிய மருந்து. இளங்குஞ்சுக்குப் போட்டால் ஊசியே நோயாகிவிடும். ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் தடுப்பூசி நன்றாகப் பிடிக்கும்.

சிறு வளர்ப்பவருக்கு உண்மையான சிக்கல் குப்பியில் இருக்கிறது. ஒரு குப்பியில் நூறு கோழிக்காவது மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். இருபது கோழிக்காரர் எண்பது கோழிக்கான மருந்தைக் கொட்ட மனம் வராமல் வாங்காமலே இருந்துவிடுகிறார். தெருவில் நான்கைந்து வீடு சேர்ந்து வாங்குங்கள். ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் கொண்டுவந்து, விடியற்காலையில் கோழியைத் திறந்துவிடும் முன்பே போட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடாமல் நம் கோழிக்கு மட்டும் போட்டால் பாதி வேலைதான் முடிந்தது. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் ஊர் ஊராக நடத்தும் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பூசி முகாமில் செலவே இல்லை. கோழி பிடிக்கச் சிரமப்படுவோருக்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனம்போலத் தின்னக் கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தும் உருவாக்கியிருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள்.

நோய் எப்படி வருகிறது? பெரும்பாலும் நாமே கொண்டுவருகிறோம். பரமத்தி வேலூர்ச் சந்தையிலோ வேறு வாரச்சந்தையிலோ வாங்கிய கோழியை அன்று சாயங்காலமே பழைய கோழிகளோடு அடைக்கிறோம். நோய் வெளியே தெரியப் பதினைந்து நாள்வரை ஆகலாம். ஆகவே புதுக்கோழியை மூன்று வாரமாவது தனியாக, வேறு தண்ணீர்ச் சட்டியோடு வைக்க வேண்டும். ஆடியில் கோயிலுக்கு நேர்ந்த கோழிகள் ஊர்விட்டு ஊர் போகும்போதும் கவனம் வேண்டும். வியாபாரியின் கூடை, சாக்கு, செருப்பு எல்லாவற்றிலும் கிருமி வரும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ஒன்றிரண்டு கோழி தூங்கி விழுந்ததும் மீதியை வந்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுவது. நஷ்டத்தைக் குறைக்கத்தான் செய்கிறார்கள். அந்தப் பதற்றம் புரிகிறது. ஆனால் அந்தக் கோழியை வாங்கும் இன்னொரு ஏழை வீட்டுக் கொடாப்பும் அடுத்த வாரம் காலியாகும். விற்காதீர்கள்.

சீக்கு வந்துவிட்டால் நலமாக இருப்பவற்றை முதலில் கவனித்து, நோயுற்றவற்றைக் கடைசியில் தொடுங்கள். அந்த நேரத்தில் தெரிந்தவரை வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே ஊசியைக் குத்தினால், அந்த ஊசியே நோயைக் கோழிக்குக் கோழி கடத்தும். செத்ததைத் திருமணிமுத்தாற்றிலோ குப்பையிலோ வீசினால் நாயும் காக்கையும் அடுத்த தோட்டத்துக்குக் கொண்டு சேர்க்கும். ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கொடாப்பைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து வெயிலில் காயவிட்டு, ஒரு மாதமாவது கழித்துக் குஞ்சு விடுங்கள்.

இவ்வளவுக்கும் அடங்காமல், கொண்டை நீலம் பாரித்து, முகம் வீங்கி, கோழிகள் திடீரென்று கும்பலாகச் செத்தால் அது பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். அந்தக் கோழிகளை அறுக்கவோ வெறுங்கையால் தொடவோ வேண்டாம். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தோ பக்கத்துக் கால்நடை மருத்துவருக்கோ அன்றைக்கே தெரிவித்துவிடுங்கள்.