கம்பெனி கைமாறினால் தொழிலாளியின் வருடங்கள் யார் கையில்?

"தோட்டத்த வித்துட்டாங்களாம்!"

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டப்புறங்களில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் செய்தி இது. காலையில் பெரட்டுக் களத்தில் ஒருவர் சொன்னால் போதும், பால் நிறுத்து முடிப்பதற்குள் லயம் முழுவதும் பரவிவிடும். புதுத் துரை யார், சம்பளம் ஏறுமா, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா என்று ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. விற்றது எதை?

நிலத்தையா, தொழிலையா, கம்பெனியின் பங்கையா, இல்லை வெறும் பெயரையா? நான்கும் நான்கு விதம். தொழிலாளியின் சேவைக்காலமும் நட்டஈடும் இந்த வித்தியாசத்தில்தான் அடங்கியிருக்கின்றன.

பங்கு கைமாறுவதை முதலில் பார்ப்போம். இதற்கு மலாக்காவிலேயே பிறந்த கம்பெனி ஒன்று நல்ல உதாரணம். 1910ஆம் ஆண்டு வில்லியம் சைம், ஹென்றி டார்பி என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் ரப்பர் தோட்டங்களை நிர்வகிப்பதற்காக மலாக்காவில் தொடங்கியதுதான் சைம் டார்பி. பிறகு தலைமையகம் சிங்கப்பூருக்குப் போனது. 1970களின் கடைசியில் கம்பெனியின் கடிவாளம் லண்டனிலிருந்து மலேசியாவுக்கு வந்தது. 1976இல் அதன் தலைவராகப் பொறுப்பேற்றவர், மலாக்காக்காரரான முன்னாள் நிதியமைச்சர் துன் டான் சியூ சின்.

கத்ரி கம்பெனி கைமாறிய விதம் இன்னும் சுவாரசியமானது. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலை, லண்டன் பங்குச் சந்தையில் பெர்மோடாலான் நேசனல் நிறுவனம் கத்ரியின் பங்குகளை வாங்கத் தொடங்கியது. நான்கு மணி நேரத்திற்குள் கம்பெனி மலேசியர் கைக்கு வந்துவிட்டது. 2007இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூன்றும் ஒன்றாக இணைந்தன. 2017இல் அது மறுபடியும் மூன்றாகப் பிரிந்தது. தோட்டப் பிரிவு தனிக் கம்பெனியாகி, 2024இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. வெள்ளைக்காரன் வைத்த பெயர் சுற்றிச் சுற்றி மறுபடியும் தோட்டத்துப் பெயர்ப்பலகைக்கே வந்துவிட்டது!

இத்தனை மாற்றத்திலும் பால் வெட்டியவருக்கும் செம்பனைக் குலை அறுத்தவருக்கும் மறுநாள் காலையில் என்ன மாறியது? பங்கு கைமாறிய அளவில் சட்டப்படி எதுவும் இல்லை. பங்குதாரர் மாறினாலும் முதலாளி மாறுவதில்லை. சட்டத்தின் பார்வையில் தொழிலாளியை வேலைக்கு வைத்திருப்பது கம்பெனிதான், அதன் பங்குக்குச் சொந்தக்காரர் அல்ல. அதனால் வேலை தொடர்கிறது, சேவைக்காலம் தொடர்கிறது. நட்டஈடு கேட்கவும் இடமில்லை.

அப்படியானால் பயமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது மெதுவாக வரும். கடன் வாங்கிக் கம்பெனியை வாங்கியவர் கடனைக் கட்ட வேண்டும். பட்டணத்தை ஒட்டிய நிலம் அவர் கண்ணுக்கு மரமாகத் தெரியாது, வீடமைப்புத் திட்டமாகத்தான் தெரியும். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டால் ஆள் குறைவாகப் போதும். நேரடி ஆளுக்குப் பதில் காண்டிராக்டர் ஆள் வந்தால் இன்னும் மிச்சம். இந்த முடிவுகள் எல்லாம் கைமாறிய அன்று எடுக்கப்படுவதில்லை. இரண்டு, மூன்று வருடம் கழித்து வருகின்றன. அப்போது பழைய விற்பனையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

பெயர் எப்படித் தனியாக விலை போகும் என்று சிலர் கேட்கலாம். அதற்கு அமெரிக்காவின் உல்லாசப் படகுக் கம்பெனி ஒன்றின் கதையைச் சொல்ல வேண்டும். மிச்சிகன் மாநிலத்தில் ஸ்மித் குடும்பத்தார் வளர்த்த கிறிஸ்-கிராஃப்ட் படகுகள் உலகப் புகழ் பெற்றவை. 1960இல் குடும்பம் கம்பெனியை விற்றது. வாங்கிய நிறுவனம் அந்தப் பெயரையே தனக்கும் சூட்டிக்கொண்டு, போகப் போகத் தொலைக்காட்சி நிலையங்கள் நடத்துவதில் இறங்கிவிட்டது. 1981இல் படகுத் தொழிலை மட்டும் வேறொருவருக்கு விற்றது. பெயரைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பயன்படுத்த அனுமதி மட்டும் கொடுத்தது.

1989இல் படகுத் தொழில் மறுபடியும் கைமாறி, அவுட்போர்ட் மரின் என்ற பெரிய எஞ்சின் கம்பெனியிடம் போனது. அந்தக் கம்பெனி 2000 டிசம்பரில் திவாலானபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். 2001இல் ஸ்டெலிகன் என்ற நிறுவனம் படகுப் பட்டறையை வாங்கியது. ஆனால் படகில் பெயர் எழுத முடியாதே! தொலைக்காட்சி நிலையங்களோடு சேர்ந்து அந்தப் பெயர் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பிடம் போயிருந்தது. அதைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. 2018இல் வின்னபாகோ என்ற இன்னொரு கம்பெனி இரண்டையும் சேர்த்து வாங்கியது. பெயரை விலை பேச ஆள் இருந்தது. படகு கட்டத் தெரிந்த கைகளுக்குத்தான் இடையில் வேலை இல்லாமல் போனது.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருவோம். தொழிலாளியை நேரடியாகத் தாக்குவது நிலமும் தொழிலும் விற்கப்படும்போதுதான். மலேயாவில் ரப்பரை முதன்முதலில் வணிகத்துக்காகப் பயிரிட்டவர் மலாக்காவின் டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ஆரம்பித்து, பிறகு புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் போட்டார். அந்தத் தோட்டமும் வெகு சீக்கிரமே ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. ஆக, தோட்டம் கைமாறுவது ரப்பர் தொழில் பிறந்த காலத்திலிருந்தே உண்டு.

ஆனால் 1950களில் நடந்தது வேறு. நாடு சுதந்திரம் பெறப்போகும் நேரத்தில் பல வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி மறுபடியும் விற்றார்கள். "துண்டாடல்" என்ற சொல்லைக் கேட்டாலே பெரியவர்கள் முகம் மாறுவது இதனால்தான். பேராசிரியர் உங்கு அஸிஸ் இதை ஆராய்ந்து அறிக்கையே எழுதினார். துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி, நூறு வெள்ளிப் பங்குக்குத் தொழிலாளியே தோட்டத்தின் சொந்தக்காரராகலாம் என்ற ஏற்பாடு அது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னாளில் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி கட்டாயமானது. ஆனால் அது நிலத்தைக் கைமாற்றுவதற்குத்தான். நிலம் கம்பெனி பெயரிலேயே இருந்து பங்கு மட்டும் கைமாறினால் பட்டாவில் ஒரு எழுத்துகூட மாறுவதில்லை.

சரி, தொழில் விற்கப்பட்டால் தொழிலாளிக்கு என்ன உரிமை? 1980ஆம் ஆண்டின் பணிநீக்க, ஆட்குறைப்புச் சலுகை விதிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. உரிமை மாறிய 7 நாட்களுக்குள் புதிய முதலாளி, பழையதற்குக் குறையாத நிபந்தனைகளோடு வேலையைத் தொடர முன்வர வேண்டும். தொழிலாளி ஏற்றுக்கொண்டால் பழைய வருடங்களும் சேர்த்தே கணக்கு. புதியவர் வேலை தர முன்வராவிட்டால் பழைய முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். நியாயமான வேலையைத் தொழிலாளி காரணமில்லாமல் மறுத்தால்தான் நட்டஈடு கிடையாது.

நட்டஈட்டுக் கணக்கு இது. ஒரு வருடச் சேவை முடித்திருக்க வேண்டும். 2 ஆண்டுக்குக் கீழ் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். முன்னறிவிப்பு தனி: 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு 8 வாரம்.

22 ஆண்டு உழைத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 440 நாள் சம்பளம். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் என்றால், 12 மாதச் சம்பளத்தை 365 நாளுக்கு வகுத்து நாளுக்கு 55 வெள்ளி 89 காசு. மொத்தம் 24,500 வெள்ளிக்கு மேல் வருகிறது. அவர் புதிய முதலாளியிடம் மேலும் 3 ஆண்டு வேலை செய்தபின் நிறுத்தப்பட்டால் 25 ஆண்டு, 500 நாள் சம்பளம். ஆனால் கைமாறிய நேரத்தில் "புதிய நியமனம்" என்று நீட்டிய கடிதத்தில், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி 3 ஆண்டுதான் கணக்கு என்று வாதாடினால் கைக்கு வருவது 45 நாள் சம்பளம். சட்டம் தொழிலாளியின் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் பழைய சம்பளச் சீட்டும் பழைய நியமனக் கடிதமும் இல்லாதவர் அதை எதைக் கொண்டு நிரூபிப்பார்? தகரப் பெட்டியில் பிறப்புப் பத்திரத்தோடு சம்பளச் சீட்டையும் பூட்டி வைத்த பாட்டிகளின் புத்தி இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது.

தொழிற்சங்க உறுப்பினர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, கூட்டு ஒப்பந்தம் புதிதாகத் தொழிலை எடுத்து நடத்துபவரையும் கட்டுப்படுத்தும். "அது பழைய கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம்" என்று தட்டிக்கழிக்க முடியாது. ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணத்துக்கோ எந்த முதலாளி வந்தாலும் போனாலும் கவலையில்லை. அது தொழிலாளியின் பெயரில் இருக்கிறது. காண்டிராக்டரிடம் வேலை செய்தவர்கள் பாடுதான் சிரமம். அவர்களுடைய முதலாளி தோட்டமே அல்ல.

எந்தக் கணக்கிலும் வராதது வீடு. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். 40 வருடம் குடியிருந்தாலும் அது சேவைக்காலத்தைப் போலச் சேர்வதில்லை. கோயிலும் அப்படித்தான், பல இடங்களில் நிலம் கம்பெனி பெயரிலேயே இருக்கிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல "பகுதி உதவி பெறும் பள்ளி" என்ற நிலையிலேயே இருப்பதற்கும், பள்ளி நிற்கும் மண் அரசாங்கத்துடையதாக இல்லாததே முக்கியக் காரணம். விற்பனைப் பேச்சு நடக்கும்போதே கோயில், பள்ளி நிலத்தைத் தனிப் பட்டாவாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்பதுதான் வழி. கைமாறிய பிறகு கேட்டால், வாங்கியவர் அதற்கும் சேர்த்துத்தானே விலை கொடுத்திருக்கிறார்.

ஆகவே "வித்துட்டாங்களாம்" என்ற பேச்சு வந்தால், அலுவலகத்துக்குப் போய்க் கிராணியிடம் கேட்க வேண்டியது இதுதான்: சம்பளச் சீட்டில் கம்பெனியின் பதிவு எண் மாறுகிறதா? மாறவில்லை என்றால் கைமாறியது பங்குதான், பழைய முதலாளியே தொடர்கிறார். மாறினால் 7 நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள். வேலை முடிவுக்கு வந்தால் நட்டஈட்டை 7 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம், அதற்கு வக்கீல் வைக்க வேண்டியதில்லை.