பழைய வீடுகளின் புறச்சுவர்ப் பூச்சு மாற்றம்

பழைய வீடுகளின் புறச்சுவர்ப் பூச்சு மாற்றம் என்பது, செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டப்பட்ட வீட்டின் வெளிச்சுவரில் சிதைந்துபோன பூச்சை அகற்றிப் புதிய பூச்சு இடும் கட்டட வேலை ஆகும். தமிழ்நாட்டின் கடலூர், சிதம்பரம் போன்ற கடலோர மாவட்ட ஊர்களில் பழைய வீடுகளுக்கு இவ்வேலை அடிக்கடி தேவைப்படுகிறது. புதிய பூச்சுக்கு எப்பொருளைத் தெரிவு செய்வது என்பதே இதில் முதன்மையான கேள்வியாகும். பொருந்தாத பூச்சு சில ஆண்டுகளில் உதிர்வதோடு நில்லாமல், உள்ளிருக்கும் செங்கல்லையும் அரித்துவிடக்கூடும்.

பின்னணி

கடலூர் நெடுங்காலமாகத் துறைமுக நகரம். இதன் அருகில் தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டை 1690 இல் ஆங்கிலக் கிழக்கிந்திய நிறுவனத்தின் வசமானது. சிதம்பரத்தில் நடராசர் கோயிலைச் சூழ்ந்துள்ள நான்கு தேர் வீதிகளை ஒட்டிக் குடியிருப்புகள் வளர்ந்தன. இவ்வூர்களின் பழைய வீடுகள் பெரும்பாலும் திண்ணை, முற்றம், ஓட்டுக்கூரை அல்லது மெட்ராசு ஒட்டுத் தளம் ஆகியவற்றைக் கொண்டவை. சுவர்கள் தடித்தவை, செங்கற்கள் மெல்லியவை, அவற்றை இணைக்கும் சாந்தும் மேற்பூச்சும் சுண்ணாம்பால் ஆனவை.

இங்கிலாந்தில் யோசப் ஆசுப்டின் 1824 இல் போர்ட்லாந்து சிமென்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டில் சிமென்ட் இந்தியாவில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியபின், பழைய சுவர்களைப் பழுதுபார்க்கவும் அதுவே பயன்பட்டது. விரைவில் இறுகுவதும், பழகிய கொத்தனார்கள் எளிதில் கிடைப்பதும் இதற்குக் காரணங்கள்.

சுண்ணாம்புக் காரை

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ ஏறக்குறைய 900 பாகை செல்சியசில் சுடும்போது, அதிலுள்ள கால்சியம் கார்பனேட்டு கரியமில வாயுவை இழந்து சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது. அதில் நீர் ஊற்றினால் மிகுந்த வெப்பத்துடன் நீற்றுச் சுண்ணாம்பு கிடைக்கிறது. இது பல நாட்கள் நீரில் ஊறவைக்கப்பட்டு, மணலுடன் சேர்த்து அரைக்கப்படுகிறது. செங்கல் தூள் சேர்ப்பதும் உண்டு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைக் கலப்பது தமிழகத்தின் மரபாகும். சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. இம்மாற்றம் முழுமையாக நிகழப் பல மாதங்கள் ஆகலாம்.

பூச்சு சிதையக் காரணங்கள்

பழைய சுவர்களின் அடியில் ஈரத்தடுப்புப் படை பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே நிலத்தின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. இதனை ஓதம் ஏறுதல் என்பர். ஈரத்துடன் உப்பும் ஏறுகிறது. கடற்காற்றும் உப்பைச் சுவரில் படியவிடுகிறது. ஈரம் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகிப் பருமனடைவதால் அவ்விடம் பொடிந்து உதிர்கிறது.

சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும் தன்மையுடையது. ஆகவே உப்புப் படிகங்கள் பூச்சின் மேற்பரப்பில் தோன்றுகின்றன. பூச்சு தேய்ந்தாலும் செங்கல் தப்புகிறது. தேய்ந்த பூச்சை மாற்றிக்கொள்ளலாம். சிமென்ட் பூச்சு அடர்த்தியானது. அதன் வழியே ஈரம் எளிதில் வெளியேறுவதில்லை. இதனால் ஓதம் இன்னும் உயரம் ஏறுகிறது, அல்லது வீட்டின் உட்பக்கம் வெளிப்படுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால் தங்கிச் செங்கல்லைப் பொடியாக்குகிறது. சிமென்ட் பூச்சு வெப்பத்தில் மென்மையான சுவருடன் ஒத்து அசையாததால் விரிசல் விடுகிறது. விரிசல் வழியே மழைநீர் புகுந்து உள்ளேயே தங்குகிறது. நீர்புகா வண்ணப்பூச்சுகளாலும் இதே விளைவு நேரலாம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், 2015 ஆம் ஆண்டின் பெருமழை வெள்ளம் ஆகியவை கடலூர் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கின. இத்தகைய நிகழ்வுகளில் நனைந்த தடித்த சுவர் உலர நெடுநாள் ஆகும். உலருமுன் அடர்ந்த பூச்சால் மூடிவிட்டால் சேதம் உள்ளே தொடரும்.

செய்முறை

வேலைக்கு ஏற்ற காலம் பொங்கலுக்குப் பிந்தைய வாரங்களாகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். கோடை வெயிலும் தொடங்கியிராது.

1. நீர் வரும் வழியை அறிதல்: உடைந்த ஓடு, அடைபட்ட மழைநீர்க் குழாய், சுவரோரம் தேங்கும் சாக்கடை நீர், உயர்ந்துவிட்ட தெருமட்டம் ஆகியவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். இவற்றை விட்டுவிட்டுப் பூசுவதால் பயனில்லை.
2. தட்டிப் பார்த்தல்: சுவரை மெல்லத் தட்டும்போது வெற்றோசை எழும் இடங்களில் பூச்சு சுவரைவிட்டு விலகியுள்ளது. உறுதியாக உள்ள பழைய சுண்ணாம்புப் பூச்சை அகற்றத் தேவையில்லை.
3. கொத்தி எடுத்தல்: விலகிய பூச்சையும் சிமென்ட் ஒட்டுகளையும் சிற்றுளியால் எடுப்பர். செங்கல்லுடன் இறுகப் பற்றிய சிமென்ட்டை வலிந்து பெயர்த்தால் செங்கல்லின் முகமும் பெயரும் என்பதால் இதில் பொறுமை தேவை.
4. தயார் செய்தல்: பொடிந்த சாந்தை இணைப்புகளிலிருந்து சுரண்டி, உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து, சுவரை உலரவிடுவர். மிகவும் சிதைந்த செங்கற்களை மாற்றுவர்.
5. பூசுதல்: சுவரைச் சிறிது நனைத்து, ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கனமுள்ள படைகளாகக் காரையைப் பூசுவர். ஒரு படை இறுகிய பின்னரே அடுத்தது இடப்படும்.
6. ஈரம் காத்தல்: நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டு வெயிலை மறைப்பர். விரைவாக உலர்ந்தால் காரை இறுகாமல் பொடியும்.
7. வெள்ளையடித்தல்: இறுதியில் நீர்த்த சுண்ணாம்பைப் பலமுறை மெல்லியதாக அடிப்பர்.

சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் சுடும். கையுறையும் கண்ணாடியும் அணிவது அவசியம். கண்ணில் பட்டால் உடனே மிகுந்த நீரால் கழுவி மருத்துவரை நாட வேண்டும்.

செலவும் நடைமுறைச் சிக்கல்களும்

சுண்ணாம்புப் பூச்சுக்குக் காலமும் கூலியும் கூடுதலாகும். இவ்வேலை அறிந்த கொத்தனார்களும் குறைவு. எனவே பல வீட்டு உரிமையாளர்கள் சிமென்ட்டையே நாடுகின்றனர். எனினும் சிமென்ட் பூச்சு மீண்டும் மீண்டும் உதிரும் சுவரில், தொடக்கத்தில் மிச்சமான பணம் பின்னர் செங்கல் மாற்றும் செலவில் கரைகிறது. மறுபுறம், சிமென்ட் சாந்தால் கட்டப்பட்ட பிற்காலச் சுவர்களுக்குச் சிமென்ட் பூச்சு பொருத்தமானதே. சுவர் எப்பொருளால் ஆனது என்பதை முதலில் அறிவது இன்றியமையாதது.

பிற இடங்களில்

கடலூருக்கு வடக்கே உள்ள புதுச்சேரியில், வைசியாள் வீதியில் உள்ள தமிழ் வீடுகளின் தெருமுகப்புகள் சீரமைக்கப்பட்டன. இம்முயற்சி 2008 இல் யுனெசுகோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது பெற்றது. இங்கிலாந்தின் வெல்சு பேராலயத்தில் 1970களில் தொடங்கிய மேற்கு முகப்புப் பணி, சுண்ணாம்பின் பயன்பாட்டை மீட்டெடுத்ததில் குறிப்பிடத்தக்கது. வட அமெரிக்காவின் மரச்சட்ட வீடுகளில் பூச்சுக்குப் பதிலாக மரப்பலகை, வினைல் முதலியவற்றாலான புறவுறை பொருத்தப்படுகிறது. அங்கும் பழைய உறையின் பின்னே நீர் புகுந்துள்ளதா என்று பார்த்த பின்னரே புதியது பொருத்த வேண்டும். இல்லையெனில் மறைவில் மரம் உளுத்துவிடும்.

இவற்றையும் பார்க்கவும்

சுண்ணாம்பு
சாந்து
செங்கல்
மெட்ராசு ஒட்டு
கடலூர்
சிதம்பரம்