தாய் படித்த வகுப்பும் பிள்ளை வயிற்றுப் புழுவும்

1992இல் இலங்கைப் பெருந்தோட்டங்களில் 3 முதல் 12 வயதுப் பிள்ளைகளையும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களையும் சோதித்துப் பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வயிற்றில் புழு. 1994 தொடங்கி 2005 வரை, ஆண்டுக்கு இரண்டு தடவை, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புழு மருந்து கொடுத்தார்கள். நிறுத்தி நான்கு ஆண்டுகள் கழித்து, ஐந்து மாவட்டங்களின் 114 பள்ளிக்கூடங்களில் மீண்டும் சோதனை. நூற்றுக்கு 29.

நல்ல இறக்கம்தான். ஆனால் அந்த 29 பேர் யார்? வட்டப்புழு, சவுக்குப்புழு, கொழுக்கிப்புழு மூன்றுக்கும் பொதுவாக இரண்டு காரணங்கள் தேறின: தோட்டம் தாழ்ந்த இடத்தில் இருப்பது, தாய் குறைவாகப் படித்திருப்பது.

முதலாவது எளிதில் விளங்கும். மலத்தோடு மண்ணில் விழும் முட்டை, சூட்டிலும் ஈரத்திலும் பக்குவப்பட்டால்தான் அடுத்தவருக்குத் தொற்றும். கொழுக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்காலைத் துளைத்தே உள்ளே போய், குடலில் பற்றிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். நுவரெலியாக் குளிரில் அதற்குப் பாடு அதிகம். 500 மீட்டர் உயரத்துக் கண்டியைச் சுற்றிய மண் இதமானது.

தாயின் படிப்பு? கை கழுவத் தெரியாதவள் என்று இதற்குப் பொருள் கொள்வது அநியாயம். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். அந்தப் பின்தங்கல் ஒரு தலைமுறையில் தீரவில்லை. தாய் எந்த வகுப்போடு நின்றாள் என்று கேட்டால் அந்த வீட்டின் கூலி, கூரை, தண்ணீர் எல்லாமே ஓரளவு தெரிந்துவிடும்.

மருந்து மட்டும் போதாது என்பது பழைய பாடம். கண்டிக்கு வடக்கே மாத்தளைத் தோட்டங்களில் 1916இலேயே அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. சோகை பிடித்த தொழிலாளியால் வேலை குறையும் என்பது தோட்டத்து வெள்ளைத் துரைமாருக்குப் புரிந்தது, மருந்துக்கு இசைந்தார்கள். மலசலகூடம் என்றதும் செலவுக் கணக்குப் பார்த்தார்கள். மருந்து குடித்தவர் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தார், புழுவும் திரும்பியது.

கண்டி மாவட்டத்துக் கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், குடியிருப்பவருக்கு இன்றும் காம்பரா (ஒற்றை அறை வீடு) சொந்தமில்லை. சொந்தமில்லாத நிலத்தில் யார் காசு போட்டு மலசலகூடக் குழி வெட்டுவார்? சில தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் தனிவீடுகள் எழுந்திருக்கின்றன. அடுத்த கணக்கெடுப்பு நடந்தால் லயத்துப் பிள்ளைகளையும் தனிவீட்டுப் பிள்ளைகளையும் தனித்தனியே எண்ண வேண்டும்.