உங்களுக்குத் தெரியுமா? கடிகாரத்தின் ‘30 மீட்டர்’ ஆழம் அல்ல

கைக்கடிகாரத்தில் ‘30 மீட்டர்’ என்று பொறித்திருந்தாலும் அதைக் கட்டிக்கொண்டு நீந்தக்கூடாது. அந்த எண், ஆலையில் அசையாமல் வைத்துச் சோதிக்கும் 3 பார் அழுத்தத்தைக் குறிக்கிறது. கை கழுவும்போது தெறிக்கும் நீர், மழைத் தூறல் ஆகியவற்றை அது தாங்கும்.

• ஓசூரில் ஆலை கொண்ட டைட்டன், 2002இல் வெளியிட்ட ‘எட்ஜ்’ கடிகாரத்தின் தடிமன் 3.5 மி.மீ. மட்டுமே. அதுவும் 30 மீட்டர் தரம் பெற்றது. அத்தனை மெல்லிய கூட்டுக்கு இது அரிய சாதனை.

• உள்ளே ஈரம் புகுந்ததா என்பதை வீட்டிலேயே அறியலாம். வெதுவெதுப்பான கடிகாரத்தின் கண்ணாடிமேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விட்டு, 1 நிமிடம் கழித்துத் துடைக்க வேண்டும். கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்திருந்தால் ஈரம் உண்டு. ஐ.எஸ்.ஓ. 22810 தரச் சோதனையிலும் இதே முறைதான். அங்கே கடிகாரத்தை 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள்.

• வாளி நீரில் அமிழ்த்திப் பார்ப்பது ஆபத்து. கசிந்தால் உள்பாகங்கள் துருப்பிடிக்கும்.

• நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் நாளடைவில் இறுகிவிடும். பேட்டரி மாற்றும்போதே அதையும் மாற்றச் சொல்லலாம்.