நேரம் தவறாத பழைய கம்ப்யூட்டர்

கோவைப் பக்கம் ஐடிஐ ஒன்றில் டர்னர் பிரிவு எடுக்கும் ஆசிரியர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். சிஎன்சி இயந்திரங்களை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். அதைப் பையன்களுக்குச் சொல்லித்தரலாமா, தரலாம் என்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார். காசில்லாமல் கிடைப்பது எந்த லட்சணத்தில் இருக்குமோ என்ற சந்தேகமும் வரிகளுக்கு நடுவே தெரிகிறது.

சிஎன்சி என்றால் என்ன, ஜி-கோட் என்றால் என்ன என்று கோவைக்காரருக்கு நான் விளக்கினால் சிரிப்பார். ஆகவே சந்தேகத்தை மட்டும் முதலில் தீர்த்துவிடுகிறேன். இது யாரோ பொழுதுபோகாமல் எழுதிப் போட்டதல்ல. அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகமான நிஸ்ட், 1990களில் ‘இஎம்சி’ என்ற பெயரில் இதைத் தொடங்கியது. மிச்சிகன் மாநிலம் பான்டியாக்கில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில், ஒரு பெரிய மெஷினிங் சென்டரில் பூட்டி ஓட்டியும் பார்த்தார்கள். அமெரிக்க அரசு ஊழியர்கள் வேலைநிமித்தம் எழுதியதற்கு அங்கே பதிப்புரிமை கிடையாது என்பதால் நிரல் பொதுச்சொத்தானது. பிறகு தன்னார்வலர்கள் கையில் வளர்ந்தது. இஎம்சி என்ற பெயருக்கு அதே பெயருள்ள நிறுவனம் ஒன்று உரிமை கொண்டாடியதால் 2011இல் லினக்ஸ்சிஎன்சி ஆயிற்று. லேத், மில், பிளாஸ்மா கட்டர், ரோபோ கை என்று எல்லாவற்றையும் ஓட்டுகிறது. மற்ற வசதிகளைப் பட்டியல் போட மாட்டேன். எனக்குப் பிடித்த ஒரு விசித்திரத்துக்கு வருகிறேன்.

இந்த மென்பொருளுக்கு வேகமான கம்ப்யூட்டர் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கடையில் போய் ஆகப் புதிய லேப்டாப்பை வாங்கி வந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அதே சமயம் அலுவலகம் கழித்துப்போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்று மூலையில் உட்கார்ந்து பிசிறில்லாமல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். காரணம் கணக்கில் இருக்கிறது.

5 மில்லிமீட்டர் பிட்ச் உள்ள பால்ஸ்க்ரூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். டிரைவ் ஒவ்வொரு அடியையும் பத்தாகப் பிரிக்கிறது. அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் நகர 400 பல்ஸ். நிமிடத்துக்கு 1200 மில்லிமீட்டர் வேகத்தில் ஓட்டினால் விநாடிக்கு 8,000 பல்ஸ் போகவேண்டும். இரண்டு பல்ஸுக்கு இடையே 125 மைக்ரோ விநாடிதான் இடைவெளி. ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்தப் பல்ஸ்களைக் கம்ப்யூட்டரே தன் பேரலல் போர்ட் வழியாக அனுப்பும்போது, நடுவில் அது வேறு வேலைக்குப் போய் 100 மைக்ரோ விநாடி தாமதித்துத் திரும்பினால் என்ன ஆகும்? ஒரு பல்ஸ் பிந்தும், அடுத்தது அதன் முதுகிலேயே இடிக்கும். சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு அந்தத் தாளம் பிடிபடாது. ஓர் உறுமல் உறுமிவிட்டு நின்றுவிடும், அல்லது சில அடிகளை விழுங்கிவிடும். திரையில் எக்ஸ் 50.000 என்று அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும். ஜாப் எங்கேயோ இருக்கும். அளந்து சொல்ல என்கோடர் இல்லாத இயந்திரத்தில் கம்ப்யூட்டருக்கு இது தெரியவே தெரியாது.

ஆக, இங்கே சராசரி வேகத்தைப் பார்த்துப் பயனில்லை. ஆக மோசமான ஒரே ஒரு தாமதம்தான் கணக்கு. என் பெரியப்பா ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்தவர். கேட்டைச் சராசரியாக நல்ல நேரத்தில் மூடுகிறார் என்று எந்த அதிகாரியும் அவரைப் பாராட்டியதில்லை. ஒரு தடவைகூடப் பிந்தக்கூடாது என்பதுதான் வேலையே. இயந்திரத்தை ஓட்டும் கம்ப்யூட்டரின் வேலையும் அந்த ரகம்.

இதைச் சோதிக்க லினக்ஸ்சிஎன்சியோடு ‘லேட்டன்சி டெஸ்ட்’ என்ற சின்ன நிரல் வருகிறது. ஓடவிட்டால் திரையில் சில எண்கள் வரும். அதில் ‘மேக்ஸ் ஜிட்டர்’ என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள். நானோ விநாடியில் காட்டும். ஓடவிட்டு டீ குடிக்கப் போய்விடக் கூடாது. கம்ப்யூட்டரை வேண்டுமென்றே இம்சிக்க வேண்டும். ஜன்னல்களை இழுத்தடியுங்கள், பெரிய கோப்பைப் பிரதி எடுங்கள், பாட்டுப் போடுங்கள், முப்பரிமாணப் படம் ஏதாவது சுழலட்டும். சில மணி நேரம் கழித்தும் அந்த எண் 20,000க்குக் கீழே நின்றால் அருமையான கம்ப்யூட்டர். 30,000, 50,000 என்றால் சமாளிக்கலாம். ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஸ்டெப்பர் மோட்டாருக்கு நேரடியாகப் பல்ஸ் அனுப்ப அது உதவாது.

நல்ல பிராசஸர் இருந்தும் ஏன் தோற்கிறது? மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கி எழுவது ஒரு காரணம். இன்னொன்று கொஞ்சம் திருட்டுத்தனமானது. மதர்போர்டில் உள்ள பயாஸ், ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தகவலே சொல்லாமல் பிராசஸரைப் பறித்துக்கொண்டு, சூடு எவ்வளவு, விசிறி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பித் தரும். லினக்ஸுக்கு அந்த இடைவெளி நடந்ததே தெரியாது. லேப்டாப்புகளில் இந்தத் தொல்லை அதிகம். கம்ப்யூட்டர் தேறாவிட்டாலும் வழி இருக்கிறது. மேசா போன்ற கார்டைப் பூட்டினால் பல்ஸ் அனுப்பும் வேலையைக் கார்டு பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் விநாடிக்கு ஆயிரம் முறை உத்தரவு கொடுத்தால் போதும்.

இப்போது ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன். என் யோசனை, இயந்திரத்தை முதலில் காட்டாதீர்கள். லினக்ஸ்சிஎன்சியில் சிமுலேஷன் இருக்கிறது. மோட்டார், கார்டு எதுவும் இல்லாமல் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடும். எஃப்1 அழுத்தி எமர்ஜென்சியை விடுவித்து, எஃப்2 அழுத்திப் பவர் கொடுத்து, ஹோம் செய்தால் திரையில் டூல் நகரும். முதல்முதலில் திறக்கிறபோது தன் பெயரைத் தானே செதுக்கும் ஒரு புரோகிராமையும் கூடவே வைத்திருக்கிறார்கள். டூல் உடையும் பயமில்லாமல் பையன்கள் அதில் என்ன குறும்பு வேண்டுமானாலும் செய்யட்டும்.

அடுத்தது ‘ஹால்’. இந்த மென்பொருளின் உயிர் அங்கேதான் இருக்கிறது. லிமிட் ஸ்விட்ச், மோட்டார், ஸ்பிண்டில், கூலன்ட் எல்லாம் அதில் பின்களாக இருக்கும். எந்தப் பின்னை எதோடு இணைப்பது என்று ஒரு சாதாரணக் கோப்பில் எழுதிவிடலாம். ஹால்ஸ்கோப் என்ற அலைக்காட்டியும் கூடவே வருகிறது. மேஜைமேல் ஒரே ஒரு மோட்டாரை வைத்து, தண்டில் டேப் ஒட்டி, அது சுற்றச் சுற்றத் திரையில் பல்ஸ் எழுந்து விழுவதைப் பார்த்த மாணவனுக்கு சிக்னல் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு பாடம் நடத்த வேண்டியதில்லை.

டர்னர் பையன்களுக்கென்றே ஒரு வித்தை உண்டு. ஸ்பிண்டிலில் என்கோடர் பூட்டிய லேத்தில் மரை வெட்டும் ஜி33 உத்தரவைக் கொடுத்து, மோட்டாரை ஓட்டாமல் சக்கைக் கையால் மெல்லச் சுற்றச் சொல்லுங்கள். கேரேஜ் கூடவே நகரும். சுற்றுவதை நிறுத்தினால் நிற்கும். சேஞ்ச் கியர் மாற்றி மாற்றி மரை வெட்டிக் கைகறுத்தவர்களுக்கு, பல்லே இல்லாத இந்தக் கியர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடத் தோன்றும். அந்தத் தேடல் வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

பயிற்சிக்கூடம் ஒன்றில் பார்த்த காட்சியை இங்கே சொல்லியாக வேண்டும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய சிஎன்சி இயந்திரம் துணி போர்த்தி நிற்கிறது. கன்ட்ரோலரில் ஒரு போர்டு போய்விட்டது. அதற்கு உதிரிபாகம் இப்போது வருவதில்லை. வார்ப்பிரும்புப் படுக்கையும் ஸ்லைடும் இன்னும் நாற்பது வருஷம் உழைக்கும். மூளை செத்ததற்காக உடம்பையும் காயலான் கடைக்கு எடைக்குப் போடப் பார்க்கிறார்கள். பூட்டிய பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் பட்டனை மட்டும் அழுத்தப் பழகியவர்களை ஆண்டுதோறும் அனுப்பினால், அந்தப் பெட்டி பழுதாகும் நாளில் அவர்களும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பார்கள். அந்த இயந்திரத்தைப் பிரித்து, லினக்ஸ்சிஎன்சி பூட்டி, மறுபடி ஓட வைப்பதையே ஓர் ஆண்டுப் பாடமாக வைக்கலாமே!

ஒரே ஒரு கண்டிப்பு. எமர்ஜென்சி ஸ்டாப்பை மென்பொருளை நம்பி விடாதீர்கள். சிவப்புப் பட்டனை அடித்தால் டிரைவுக்குப் போகும் மின்சாரம் ஒயரிலேயே அறுபட வேண்டும். கம்ப்யூட்டருக்கு அது செய்தியாக மட்டும் போனால் போதும்.

ஆசிரியரே, மோட்டார், டிரைவ் எதற்கும் இப்போது விலை விசாரிக்காதீர்கள். உங்கள் ஐடிஐயில் தூசி படிந்து கிடக்கும் நாலைந்து கம்ப்யூட்டர்களிலும் முதலில் லேட்டன்சி டெஸ்ட்டைப் போட்டுப் பாருங்கள். எந்தப் பெட்டி தேறுகிறது என்று எனக்கு எழுதுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.